மூன்று நாள் மழை, டைசன் சோற்றைத் தொடவில்லை. நாய் வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்

ஃபேஸ்டூ_மாடிப்படி | வியாழன், இரவு 9.50

வேலூர் சத்துவாச்சாரி ஃபேஸ் டூவில் வாடகை வீடு. நாய் பெயர் டைசன், லேப் கிராஸ், நாலு வயசு, 27 கிலோ. நாயை வீட்டுக்குள் விடக்கூடாது என்ற கண்டிஷனில்தான் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார், அதனால் மாடிப்படிக்கு அடியில் சாக்கு விரித்துக் கட்டி வைத்திருக்கிறோம். திங்கள்கிழமை பிடித்த மழை இன்னும் விடவில்லை, வெயிலூர் என்று பேர் வாங்கின ஊரா இது என்று இருக்கிறது.

நேற்றிலிருந்து சோறு தொடவில்லை. கோழிக்கால் போட்டுப் பிசைந்த சோறு, மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பால்காரர் வண்டிச் சத்தத்துக்கே சங்கிலியை இழுத்துக்கொண்டு குதிக்கிற நாய், இன்று காலை அவர் வந்தபோது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. மூக்கு காய்ந்திருக்கிறது. அம்மா, "மழையில நனைஞ்சி சளி புடிச்சிகினு கீது, கஷாயம் வெச்சி ஊத்து" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வீட்டில் காய்ச்சல் மாத்திரை இருக்கிறது, பாதி உடைத்துக் கொடுக்கலாமா?

குடியாத்தம்_தறி | வியாழன், இரவு 10.02

முதலில் மாத்திரையைக் கீழே வையுங்கள். பாராசிட்டமால் நாய்க்கு ஈரலைக் கெடுக்கும். வலிக்கு நாம் போட்டுக்கொள்கிற ஐபுபுரூஃபன் வகையறா வயிற்றில் புண் ஆக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் விடாது. நமக்குப் பாதி, நாய்க்குக் கால் என்று கணக்குப் போடுகிற சமாச்சாரம் இல்லை இது. கஷாயமும் வேண்டாம், சோர்ந்து கிடக்கிற நாயின் வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

காட்பாடி_ஜங்ஷன் | வியாழன், இரவு 10.10

இதுக்கெல்லாமா இவ்வளவு பேச்சு. நாய்தானே, ரெண்டு நாள் பட்டினி கிடந்தால் தானாகச் சரியாகிவிடும். எங்கள் தெருவில் எட்டு நாட்டு நாய்கள், கொட்டுகிற மழையில்தான் கிடக்கின்றன, ஒன்றுக்காவது ஏதாவது ஆச்சா?

வாலாஜா_பென்ஷன் | வியாழன், இரவு 10.31

தம்பி, நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது திருவண்ணாமலை பிரியவில்லை, 1989க்கு முன்னால், எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம். ஐப்பசி கார்த்திகையில் மாடு, ஆடு, நாய் எல்லாமே ஒன்றாக வந்து நிற்கும். அப்போதும் இதையேதான் சொல்வார்கள், மழையில் நனைந்துவிட்டது சார் என்று. மழை நாயை ஒன்றும் செய்வதில்லை தம்பி, நனைந்தது காயாமல் கிடக்கிறதே, அதுதான் செய்யும்.

மூக்கு காய்ந்திருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, தூங்கி எழுந்த நாய்க்கும் காய்ந்துதான் இருக்கும். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிர் ரோஜா நிறமாக இருக்க வேண்டும். விரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தால் வெளுத்து, ரெண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தாலோ, மஞ்சளாக இருந்தாலோ, சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். அப்புறம் காய்ச்சல். தொட்டுப் பார்த்துத் தெரியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், இன்னொருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். நாய்க்கு 101லிருந்து 102.5 வரை சாதாரணம், நமக்குக் காய்ச்சல் என்கிற சூடு அதற்கு இயல்பு. 103.5ஐத் தாண்டினால்தான் காய்ச்சல் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

கடைசியாக, டார்ச் அடித்து உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். முதுகில் தேடாதீர்கள், அங்கே இருந்தால் நீங்களே எப்போதோ பார்த்திருப்பீர்கள். காது மடலுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால்விரல் இடுக்கில், வால் முளைக்கிற இடத்துக்குக் கீழே. சிறுநீர் என்ன நிறம் என்றும் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன், எனக்கு வயசாகித் தூக்கம் வருவதில்லை.

ஃபேஸ்டூ_மாடிப்படி | வியாழன், இரவு 11.18

ஐயா, பார்த்துவிட்டேன். காய்ச்சல் 104.2. ஈறு ரோஜா நிறம் இல்லை, வேகவைத்த முட்டையின் வெள்ளை மாதிரி இருக்கிறது. உண்ணி எண்ணினேன், வலது காதுக்குள் மட்டும் பதினொன்று. முன்னங்கால் விரல் இடுக்கில் சின்னச் சின்னதாக எள்ளு மாதிரி, நான் இத்தனை நாள் அதை மண் என்றுதான் நினைத்திருக்கிறேன். பட்டைக்கு அடியில் ஒன்று கொட்டைமுத்து மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பிக்கொண்டு தொங்குகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்ததா? போன மாதம்தான் குளிப்பாட்டினேன்.

வாலாஜா_பென்ஷன் | வியாழன், இரவு 11.27

உண்ணிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். இப்போது பெரிசாக இருப்பவற்றை மட்டும் எடுங்கள். புருவம் பிடுங்குகிற இடுக்கி இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள், திருகாதீர்கள். நகத்தால் நசுக்காதீர்கள். ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு அதில் போடுங்கள். தண்ணீர் பக்கத்தில் வையுங்கள். காலையில் முதல் வேலை டாக்டர்.

காட்பாடி_ஜங்ஷன் | வியாழன், இரவு 11.40

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தொட்டு வைத்தால் போதும், பொத்து பொத்தென்று விழும். எங்கள் தாத்தா அதைத்தான் செய்வார்.

ஆரணி_அக்கா | வெள்ளி, காலை 6.15

காட்பாடி தம்பி, உங்கள் தாத்தா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது செய்துவைக்கப் போகிறார்கள் என்பதால் சொல்கிறேன். மண்ணெண்ணெய் தோலை வேகவைத்துவிடும், நாய் நக்கினால் உள்ளேயும் போகும். உண்ணி எரிச்சலில் விழுவதற்கு முன்னால் தன் வயிற்றில் இருப்பதைக் கக்கிவிட்டுத்தான் விழும், எந்தக் கிருமிக்குப் பயப்படுகிறோமோ அதை நாமே உள்ளே ஏற்றின மாதிரி ஆகும். நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பப்பிக்கு நானே தடவினேன், முதுகில் உள்ளங்கை அளவுக்குத் தோல் உரிந்து வந்தது. இன்னும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை.

மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தும் அப்படித்தான். கடையில் "ஒரு மூடி ஊத்தித் தேய்ங்க" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், எந்த மூடி, எத்தனை லிட்டருக்கு என்று கேட்டால் பதில் கிடையாது. அளவு தப்பினால் நாய் நடுங்கி, எச்சில் ஒழுகி, விழுந்துவிடும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை, பர்மெத்ரின் கலந்த மருந்து நாய் தாங்கும், பூனை தாங்காது. மருந்து போட்ட நாயை நக்கினாலே போதும்.

குடியாத்தம்_தறி | வெள்ளி, காலை 7.40

என்ன ஆச்சு? கிளம்பியாச்சா?

ஃபேஸ்டூ_மாடிப்படி | வெள்ளி, மாலை 4.05

இப்போதுதான் வந்தோம். ஆட்டோக்காரர் நாய் என்றதும் நூறு ரூபாய் கூடக் கேட்டார், மழையில் பேரம் பேச முடியவில்லை. முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே டைசனை மேஜை மேல்கூட ஏற்றவில்லை, வாசலில் நிற்கவைத்தே ஒரு ஊசி போட்டு "வைரல், ரெண்டு நாள் பாருங்கள்" என்று அனுப்பினார்கள். படியிறங்கும்போது மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம், மழைத் தண்ணீரில் விழுந்து விரிந்ததைப் பார்த்தேன். எனக்குக் கை நடுங்கிவிட்டது. திரும்பி உள்ளே போகாமல் நேராக வேறு டாக்டரிடம் போனோம்.

அவர் காது ஓரத்தில் ஊசியால் குத்தி ஒரு சொட்டை கண்ணாடிச் சில்லில் தடவினார், முன்னங்காலில் சிபிசிக்கு, அதாவது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கிற பரிசோதனைக்கு, ரத்தம் எடுத்தார். பிளேட்லெட் 38,000. குறைந்தது ரெண்டு லட்சமாவது இருக்க வேண்டுமாம். ஹீமோகுளோபின் 8.1. எர்லிச்சியா, உண்ணி கடித்து வருகிற கிருமி என்று சொன்னார். டாக்ஸிசைக்ளின் 28 நாள், நடுவில் ஒரு நாள்கூட விடக்கூடாது, நாலாம் நாளே நாய் நன்றாகிவிடும், அதைப் பார்த்து நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த மழைக்குத் திரும்பி வருகிறார்கள் என்றார். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், சோற்றோடுதான் கொடுக்க வேண்டும், ஆனால் அந்தச் சோறு தயிர்சாதமாக இருக்கக்கூடாது, பாலும் தயிரும் அந்த மருந்தை உடம்பில் சரியாகச் சேர விடாது. சோறு தொடாமல் போவதற்கு முன்னால்வரை அம்மா அதற்கு அடிக்கடி ஊட்டிக்கொண்டிருந்தது தயிர்சாதம்தான்.

டிரிப் ஏற்றினார்கள். இப்போது படுத்திருக்கிறது. வீட்டுக்காரரைக் கேட்கவில்லை, ஹாலுக்குள்தான் படுக்க வைத்திருக்கிறோம், பார்த்துக்கொள்ளலாம்.

வாலாஜா_பென்ஷன் | வெள்ளி, மாலை 5.12

நல்ல வேளை. நல்ல டாக்டர்.

தம்பி, இப்போது பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. நாய் மேல் இருக்கிற உண்ணி கொஞ்சம்தான், மீதியெல்லாம் உங்கள் மாடிப்படியில் இருக்கிறது. இந்த உண்ணி முட்டையிலிருந்து வந்து பெரிதாகிறவரை மூன்று தடவை நாய் மேல் ஏறும், மூன்று தடவையும் ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். இறங்கினது சுவரில் மேலே ஏறும், தரையில் தேடினால் கிடைக்காது. பெண் உண்ணி ஒரு விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டை போட்டுவிட்டுச் செத்துவிடும். நாய் கிடைக்காத உண்ணி பசியோடு மாதக்கணக்கில் காத்திருக்கும். நம்ம ஊரில் மழைக்காலத்திலும் குளிர் கிடையாது, புழுக்கம்தான், சுவர் ஈரம் வேறு, பொரிப்பதற்கு அதற்கு வேறென்ன வேண்டும்? நாயை மட்டும் சுத்தம் பண்ணி அதே சாக்கில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தால் மாசத்துக்குள் மறுபடியும் ஆரம்பம்.

சாக்கைக் கொளுத்திவிடுங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு சுவரைப் பாருங்கள், கண் உயரத்துக்கு மேலே.

ஃபேஸ்டூ_மாடிப்படி | வெள்ளி, இரவு 10.48

பார்த்தேன் ஐயா. படியின் அடிப்பக்கத்தில் சிமெண்ட் பெயர்ந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். பக்கத்தில் மீட்டர் பலகை. அது சுவரோடு சேர்கிற இடத்தில் மிளகை வரிசையாக ஒட்டிவைத்த மாதிரி. பழைய ஏடிஎம் கார்டை விரிசலில் விட்டு இழுத்தேன், பழுப்பு நிறத்தில் ஜவ்வரிசிக் குருணை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது, அதெல்லாம் முட்டையாம். சாக்கைத் தூக்கினால் அடியில் தரை சொத சொதவென்று இருக்கிறது, மேல் பக்கம் தொட்டுப் பார்த்துக் காய்ந்திருக்கிறது என்று நான்தான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் மேல் டைசன் நாலு வருடமாகப் படுத்திருக்கிறது.

ஆரணி_அக்கா | சனி, காலை 6.30

மனசை விட்டுவிடாதீர்கள், எல்லார் வீட்டிலும் இதுதான் கதை. சாக்கு தண்ணீரை இழுக்கும், விடாது. நாலு செங்கல் வைத்து மேலே ஒரு பலகை போடுங்கள், தரைக்கும் நாய்க்கும் நடுவில் காற்று போகட்டும். பலகை மேல் காட்டன் துணி, ரெண்டு செட், ஒன்று காயும்போது இன்னொன்று. மழை விடாவிட்டால் இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்பு தேய்த்துப் போட்டால் ஈரமும் போகும், அதில் இருக்கிற பொடி உண்ணியும் போகும்.

குடியாத்தம்_தறி | சனி, காலை 9.20

உண்ணிக்கு மாத்திரை வந்திருக்கிறது, ஃப்ளூராலனர், ஒன்று கொடுத்தால் 12 வாரம். விலை அதிகம்தான், ஆனால் நீங்கள் நேற்று ஒரே நாளில் செலவு பண்ணினதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வலிப்பு வந்திருக்கிற நாய் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அதற்குக் கவனமாகத்தான் கொடுக்க வேண்டும். கழுத்தில் சொட்டு விடுகிற ஃபிப்ரோனில் மலிவு, மாதம் ஒரு தடவை, ஆனால் போடுவதற்கு முன்னும் பின்னும் ரெண்டு நாள் குளிப்பாட்டக்கூடாது, மழையில் நனைகிற நாய்க்கு அது எவ்வளவு நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள். நான் மாத்திரைக்கு மாறி ரெண்டு மழைக்காலம் ஆகிறது.

பாலாத்தங்கரை | சனி, மதியம் 1.15

இழை உண்ணியிலேயே நிற்கிறது, இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2021 நவம்பரில் பாலாறு ரெண்டு கரையும் தொட்டுப் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தண்ணீரைப் பார்க்கப் பாலத்தில் போய் நின்றார்கள். நாங்களும் போனோம், எங்கள் ராணியும் கூட வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு மாதம் குட்டை நின்றது. பக்கத்தில் அரிசி மூட்டை அடுக்குகிற குடோன், எலிக்குக் கேட்கவா வேண்டும். ராணி அந்தக் குட்டையில்தான் தண்ணீர் குடிக்கும், வீட்டுச் சட்டியில் வைத்தால் குடிக்காது. நாங்களும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம்.

ஒருநாள் வாந்தி. மறுநாள் கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது, சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. லெப்டோஸ்பைரோசிஸ். எலி மூத்திரத்தில் இருந்து தேங்கின தண்ணீருக்கு வரும், காலில் சின்னக் கீறல் இருந்தால் அது வழியாகவே ஏறிவிடும். ஈரலும் சிறுநீரகமும் ஒன்றாகப் போய்விட்டன. ஐந்து நாள் வைத்துப் பார்த்தோம்.

ரேபிஸ் ஊசி வருடா வருடம் சரியாகப் போட்டுவந்தோம். இன்னொரு ஊசி இருக்கிறதே, பார்வோ, டிஸ்டெம்பர் எல்லாம் சேர்த்து, அதில்தான் லெப்டோவும் இருக்கிறது. குட்டியில் போட்டாச்சே என்று அதை விட்டுவிட்டோம். லெப்டோ பங்குக்கு அது ஒரு வருடம்தான் தாங்குமாம், அதை டாக்டர் சொன்னபோது ராணி டிரிப்பில் இருந்தது. எல்லா வகை லெப்டோவையும் அந்த ஊசி தடுக்காது என்பதும் உண்மை, ஆனாலும் மழைக்கு முன்னால் போட்டிருக்கலாம்.

இது மனிதருக்கும் வரும். நாய்க்கு வந்திருந்தால் அதன் சிறுநீரை வெறும் கையால் துடைக்காதீர்கள். என் மனைவி துடைத்தாள், அப்புறம் எங்கள் ரெண்டு பேருக்கும் மாத்திரை கொடுத்தார்கள்.

ஃபேஸ்டூ_மாடிப்படி | சனி, மதியம் 1.40

அண்ணா, படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. டைசன் ஊசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். அந்த ஊசி கடைசியாகப் போட்டது ரெண்டு வருடத்துக்கு முன்னால்.

வாலாஜா_பென்ஷன் | சனி, மதியம் 2.05

இப்போது போடாதீர்கள் தம்பி. காய்ச்சல் போய், ரத்தம் ஏறி, டாக்டர் சரி என்ற பிறகு.

கணியம்பாடி_நிலத்துக்காரன் | சனி, இரவு 8.20

டவுனில் இருப்பவர்களுக்கு உண்ணி, எங்களுக்குப் பாம்பு. அமிர்தி காடு பக்கம், பொந்தில் தண்ணீர் ஏறினதும் எல்லாம் மேட்டுக்கு வரும், மேடு என்றால் வீட்டுத் திண்ணை, நாய்க் கூண்டு, அடுக்கிவைத்த விறகு. போன கார்த்திகையில் எங்கள் கருப்பன் விறகுக்குள் மூக்கை விட்டுக் கண்ணாடி விரியனிடம் கடி வாங்கினான். பத்து நிமிஷத்தில் முகம் ஒரு பக்கம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கயிறு கொண்டுவந்தார், கழுத்தில் கட்டவா முடியும்? கீறிவிடவும் கட்டவும் கூடாது, நடக்கவும் விடக்கூடாது. தோளில் தூக்கிக்கொண்டு ஓடினோம். நமக்குப் போடுகிற அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். போகும் வழியிலேயே போன் பண்ணி மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாத இடத்துக்குப் போய் நின்றால் அந்த அரைமணி நேரம்தான் உயிர். கருப்பன் பிழைத்தான், ஒரு கண் மட்டும் மங்கல்.

கட்டுவிரியன் கடித்தால் வீக்கமே இருக்காது, அதுதான் மோசம். காலையில் நாய் பின்னங்காலை இழுக்கும், குரல் வராது, மூச்சு திணறும். குளிரில் விறைத்துவிட்டது என்று நினைத்து அடுப்பு பக்கத்தில் படுக்க வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

குடியாத்தம்_தறி | சனி, இரவு 8.45

சொறித்தவளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை விட்ட ராத்திரி லைட் கம்பத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும், நாய் போய் ஒரு கவ்வு கவ்வும், உடனே வாயில் நுரை. எங்கள் வீட்டில் வெறிநோய் என்று அலறிவிட்டார்கள். தலையைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து, பக்கவாட்டில் தண்ணீர் விட்டு வாயைக் கழுவுங்கள், தொண்டைக்குள் அடிக்காதீர்கள். ஈறை ஈரத்துணியால் துடையுங்கள். நுரை நிற்காமல் தள்ளாட ஆரம்பித்தால் டாக்டர்.

காட்பாடி_ஜங்ஷன் | ஞாயிறு, காலை 8.10

நான்தான் அன்றைக்கு எட்டு நாட்டு நாய் என்று எழுதினேன். நேற்று ராத்திரி மழை விட்டதும் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், சும்மா பார்க்கலாமே என்றுதான். ஆறுதான் இருக்கின்றன. கடைக்காரரைக் கேட்டால், "ஒண்ணு போன வாரமே ஸ்டே கம்பியில ஷாக் அடிச்சி போச்சு, இன்னொண்ணு ஒரு மாசமாக் காணோம்" என்றார். ஒரு பெட்டை வெளிறிப்போய் லாரிக்கு அடியில் படுத்திருக்கிறது, காது முழுக்க உண்ணி. ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினேன். நான் எண்ணிப் பார்க்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

அக்கா, மண்ணெண்ணெய் விஷயம் வாபஸ்.

ஆரணி_அக்கா | ஞாயிறு, காலை 8.22

சரி தம்பி. தாத்தாவை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டே கம்பி விஷயம் எல்லாரும் கவனிக்க வேண்டியது, நாம் செருப்புப் போட்டிருக்கிறோம், நாய்க்கு நாலு காலும் ஈரத்தரையில். மழையில் வாக்கிங் போகிறவர்கள் கம்பம், ஜங்ஷன் பெட்டி பக்கம் காலைத் தூக்க விடாதீர்கள்.

தோட்டப்பாளையம்_டீச்சர் | ஞாயிறு, மதியம் 12.40

எங்களுடையது ஸ்பிட்ஸ், வெள்ளை. மழைக்காலம் வந்தால் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும், விரல் நடுவில் முடி துருப்பிடித்த நிறமாகிவிட்டது, புளித்த மாவு வாடை வேறு. வாரம் ரெண்டு தடவை டெட்டால் போட்டுக் குளிப்பாட்டியும் போகவில்லை. அப்புறம் இடி இடித்தால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் சொருகிக்கொண்டு நடுங்குகிறது, இழுத்தால் கடிக்க வருகிறது. என்ன செய்யலாம்?

வாலாஜா_பென்ஷன் | ஞாயிறு, மதியம் 3.30

டீச்சரம்மா, டெட்டாலை நிறுத்துங்கள், அது நாய்த் தோலுக்கு ஆகாது, நக்கினால் நஞ்சு. குளியலையும் குறையுங்கள், மழைக்காலத்தில் குளிப்பாட்டுவது பெரிதில்லை, அடித்தோல்வரை காயவைப்பதுதான் பெரிது. ஸ்பிட்ஸுக்கு முடி ரெண்டு அடுக்கு, மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். வெளியே போய் வந்ததும் பழைய காட்டன் வேட்டியால் ஒவ்வொரு விரல் இடுக்கிலும் விட்டுத் துடையுங்கள், பாதத்துக்கு அடியில் நீண்ட முடியைக் கத்தரித்துவிடுங்கள். அந்த வாடை பூஞ்சை வாடைதான், டாக்டர் அதற்கென்று ஒரு ஷாம்பு எழுதிக் கொடுப்பார், போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும், உடனே கழுவினால் பயனில்லை. காதையும் முகர்ந்து பாருங்கள், அதே வாடை இருந்தால் அங்கேயும் இருக்கிறது. பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள்.

இடிக்குப் பீரோ சந்தில் போய் ஒளிந்தால் அங்கேயே விடுங்கள், அது தேர்ந்தெடுத்த இடம். ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபேனை வேகமாக வைத்து நீங்கள் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். தீபாவளிப் பட்டாசும் இந்தச் சமயத்திலேயே வருவதால் சில நாய்களுக்கு ரொம்பவே முற்றிவிடும், அதற்கு மாத்திரை உண்டு, டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மேல்விஷாரம்_பாய் | ஞாயிறு, இரவு 9.05

ஒரு சின்ன விஷயம். எங்கள் பக்கம் தோல் ஷாப்பில் மிஞ்சின துண்டுகளை மழைக்கு வெளியே போக முடியாத நாய்க்குக் கடிக்கப் போடுகிறார்கள். குரோம் போட்டுப் பதப்படுத்தின தோல் அது, செருப்புக்கு ஆகும், வயிற்றுக்கு ஆகாது.

ஃபேஸ்டூ_மாடிப்படி | பத்து நாள் கழித்து, புதன், இரவு 8.15

எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும், அதற்குத்தான் வந்தேன். பிளேட்லெட் நேற்று 1,65,000. ஹீமோகுளோபின் 9.8, அது மெதுவாகத்தான் ஏறுமாம். டாக்டர் சொன்ன மாதிரியே நாலாம் நாள் எழுந்து வாலை ஆட்டியது, அம்மா உடனே "நல்லாய்டுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை" என்றார். காலண்டரில் 28 கட்டம் போட்டு ஒட்டிவிட்டேன், இப்போது அவரே தினமும் அடிக்கிறார். மாத்திரையைக் கோழி ஈரலுக்குள் வைத்துக் கொடுக்கிறோம், முதல் ரெண்டு நாள் ஈரலைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பியது.

வீட்டுக்காரருக்கு முட்டை ஒட்டிவந்த அந்த ஏடிஎம் கார்டைக் காட்டினேன். மனிதர் முகம் மாறிவிட்டது, மேலே அவருடைய பேரக்குழந்தை இருக்கிறது. மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்து விரிசலைப் பூசினார், மருந்து அடிக்கிற ஆளையும் அவரே வரவழைத்தார், காயும்வரை டைசன் உங்கள் ஹாலிலேயே இருக்கட்டும் என்று அவரே சொன்னார். எவ்வளவு நாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காட்பாடி_ஜங்ஷன் | புதன், இரவு 8.40

சந்தோஷம் நண்பா. எங்கள் லாரிக்கடி பெட்டையையும் காட்டியாச்சு, அதுவும் மாத்திரையில் இருக்கிறது, பரோட்டாவில் சுருட்டிக் கொடுக்கிறோம். அதற்குப் படுக்க ஏதாவது செய்ய வேண்டும், சாக்கு கூடாது என்று இங்கே படித்துவிட்டேன். அக்கா, என்ன போடலாம்?

ஆரணி_அக்கா | புதன், இரவு 8.52

மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி. மார்க்கெட்டில் காலை பத்து மணிக்கு மேல் போய்க் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், பெரிசாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் நாய் நுழைகிற அளவுக்கு அறுத்து, ரெண்டு செங்கல் மேல் வைத்து, மூடி மேல் ஒரு கல். உள்ளே துணி வேண்டாம், வைக்கோல் போடுங்கள், நனைந்தாலும் உதறினால் தண்ணீர் போய்விடும். மீன் வாடை போகக் கழுவாதீர்கள், அந்த வாடைக்குத்தான் முதல் நாள் உள்ளே போகும்.